வாளி நிறைய உதிரித் திராட்சை

போன வருடம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது இது. இப்போது எழுத உட்கார்ந்தாலும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. நல்லவேளையாக, அதற்குக் காரணமானவன் இதோ என் காலடியில் படுத்து என் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

எங்களுக்கு ஒரே மகள். அவள் பிளஸ் டூ படிக்கும்போது தோழி வீட்டிலிருந்து ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏதோ இங்கிலீஷ் பெயரும் வைத்தாள். பிறகு கல்லூரிக்கென்று கோயம்புத்தூர் போய்விட்டாள். குட்டி எங்களிடம் தங்கிவிட்டது. நாயே வேண்டாம் என்று முதலில் சொன்னவர் என் கணவர்தான். அந்த இங்கிலீஷ் பெயர் அவர் வாயில் நுழையவும் இல்லை, நுழைக்க அவர் முயற்சி செய்யவும் இல்லை. 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார். விளைவு, தெருவில் யார் தங்கள் பையனை 'ஏலே' என்று அதட்டினாலும் எங்கள் வீட்டிலிருந்து இவன் பாய்ந்து போய் நிற்பான்.

சேட்டையைச் சொல்லி முடியாது. செருப்பில் ஒற்றையை மட்டும் தூக்கிப் போவான். குக்கர் விசில் அடித்தால் அதை ஜெயிக்கும்வரை குரைப்பான். என் கணவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால், பின்பக்கமாக வந்து உருவிக்கொண்டு ஓடுவான். அவர் கையைக் கழுவாமலே துரத்துவார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், இந்த இருவரின் ஓட்டத்தைப் பார்ப்பதுதான் எனக்கு இளைப்பாறுதல். மகள் இல்லாத வீடு அப்படி வெறிச்சென்று போகாமல் இருந்தது இவனால்தான்.

எங்களுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அன்றைக்குப் பழம் வெட்டு. வெட்டும்போது கொத்தைக் கையில் பிடித்து, வெடித்த பழம், சிறுத்த பழம் எல்லாவற்றையும் கத்தரியால் நறுக்கிவிட்டுத்தான் பெட்டியில் அடுக்குவார்கள். நறுக்கிப் போட்ட உதிரிப் பழத்தை வியாபாரி எடுக்கமாட்டார். அது வீட்டுக்கு வரும். ஜூஸ் போடுவோம், அக்கம்பக்கத்தில் கொடுப்போம். அன்றும் ஒரு வாளி நிறைய வந்தது. பின்கட்டில் வைத்துவிட்டு நான் சமையலைப் பார்க்கப் போனேன்.

கடகடவென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் வாளி கவிழ்ந்து கிடக்கிறது, தரையெல்லாம் பழம், நடுவில் இவன். மூக்கு, மீசை, முன்னங்கால் எல்லாம் ஊதாச் சாறு. வாளியில் பாதியைக் காணோம். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. என் கணவர் போனைச் சார்ஜில் மறந்து வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போயிருந்தார். அதை எடுத்து வீடியோ பிடித்தேன். 'எங்கள் வீட்டு வியாபாரி' என்று எழுதி, அவருடைய ஸ்டேட்டஸிலேயே போட்டுவிட்டேன். சொந்தக்காரர்கள், தோட்டக்காரர்கள் எல்லோரும் வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகளை அனுப்ப ஆரம்பித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தப் போன் அடித்தது. கோட்டயம் பக்கத்தில் பழக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி. எங்கள் பழத்தை வாங்குகிறவர். என் கணவரோடுதான் பேசுவார், நான் ஒருமுறைகூடப் பேசியதில்லை. விலை விஷயமாக இருக்கும் என்று எடுத்தேன். அவர் என் குரலைக் கேட்டதும் விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"சேச்சி, அந்த நாய் நிஜமாத் தின்னதா? எத்தற நேரமாயி?"

இப்போதுதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"சிரிக்கண்டா சேச்சி. உடனே டாக்டர்கிட்ட கொண்டு போங்க. நாய்க்குத் திராட்சை ஆகாது. எங்க வீட்டுல ஒண்ணு இதே மாதிரி தின்னுட்டு நல்லாத்தான் ஓடிட்டு இருந்தது. கிட்னி போயி. பின்னெ உசுரு கிட்டலை."

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். காய்ச்சலில் கிடப்பவருக்கும், பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகும்போதும் திராட்சைதான் வாங்கிப் போவோம். அது ஒரு உயிருக்கு ஆகாது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானே அவனுக்கு எத்தனையோ முறை ஒன்றிரண்டு பழம் கொடுத்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. ஆனால் இந்த அம்மாவின் குரலில் இருந்தது வதந்தி இல்லை, துக்கம்.

நாயையும் இழுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். அங்கே வேன் வந்து நின்று, பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டதும் என் கணவர் முகம் சுருங்கிவிட்டது.

"நம்ம பழத்தத் தின்னா சாகுமாக்கும்? ஊரே திங்குது."

வெட்டுக்கு வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். எங்க வீட்டு ஆடு கொடியோடல்ல திங்குது, அது குத்துக்கல்லாட்டம் இருக்கு என்றார் ஒரு அக்கா. நாயும் அவர்கள் சிரிப்பதற்கு ஏற்றமாதிரி அந்த அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. பார்க்க ஒரு குறையும் தெரியவில்லை. எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு அந்த அம்மாவையே மறுபடி அழைத்தேன். அவர் என் கணவரிடம் பொறுமையாகச் சொன்னார். உங்க தோட்டத்துப் பழத்தைக் குறை சொல்லவில்லை சேட்டா, எந்தத் தோட்டத்துப் பழமானாலும் அப்படித்தான், நானும் அன்று நம்பவில்லை, நம்பாமல் இருந்த நேரம்தான் போய்விட்டது என்றார்.

என் கணவர் கத்தரியைக் கீழே வைத்தார். சற்றுமுன் சிரித்த அதே அக்காதான், "இங்கன நாங்க பாத்துக்கிறோம், நீக கெளம்புக" என்று சொல்லி வேன் பக்கம் போனார். ஏற்றும்போது பக்கத்தில் நிற்காமல் என் கணவர் ஒருநாளும் பழத்தை அனுப்பியதில்லை. அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகம் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும். சின்னமனூரில் தனியாக ஒரு டாக்டர் பார்க்கிறார் என்று விசாரித்து என் கணவர் வண்டியை விட்டார். நடுவில் நாய், பின்னால் நான். அவனுக்கு ஊர் சுற்றப் போகிறோம் என்ற சந்தோஷம். நாக்கைத் தொங்கவிட்டு, காற்றில் காது பறக்க, எதிரே வந்த பஸ்ஸைப் பார்த்தெல்லாம் குரைத்துக்கொண்டு வந்தான். அவன் எவ்வளவு சந்தோஷமாக இருந்தானோ அவ்வளவுக்கு எனக்கு அழுகை வந்தது. மகளுக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. இவனுக்கு ஏதாவது ஆனால் அவளிடம் என்ன சொல்வேன் என்பதே மனதில் ஓடியது.

டாக்டர் சின்ன வயதுக்காரர். விஷயத்தைக் கேட்டதும் எழுந்துவிட்டார். சில நாய்க்கு எவ்வளவு தின்றாலும் ஒன்றும் ஆகாது, சிலதுக்குக் கொஞ்சமே போதும், எது எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். பெயர் கேட்டார். நான் மகள் வைத்த பெயரைச் சொல்ல வாயெடுப்பதற்குள், என் கணவர் "ஏலேன்னு கூப்பிடுங்க சார், வருவான்" என்றார். ஊசி போட்டதும் வாந்தி எடுத்தான். தோலும் விதையுமாகப் பழம் பழமாக வந்தது. கூடவே நான் வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்த என் தலைமுடி ரப்பர் பேண்டும் வந்தது. டாக்டர் அதைக் கிடுக்கியில் எடுத்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

டிரிப்ஸ் ஏற்றி, ரத்தம் எடுத்து அனுப்பினார். ரிசல்ட் வரவேண்டும், ஆனால் அதற்கு முன்பே நீங்கள் ஒன்றைக் கவனியுங்கள், ஒழுங்காகச் சிறுநீர் போகிறானா என்று பாருங்கள், போகவில்லை என்றால் உடனே தூக்கி வாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சுருண்டு படுத்துவிட்டான். மகள் வீடியோ காலில் வந்து அவனைக் காட்டச் சொன்னாள். தூங்குகிறான் என்று தூரத்திலிருந்து காட்டினேன். குக்கர் விசில் அடித்தது, அவன் தலையைத் தூக்கவில்லை. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

விடிந்ததும் என் கணவர் அவனைத் தூக்கி வாசலில் விட்டார். வண்டி டயர் பக்கம் அவன் காலைத் தூக்கினாலே விளக்குமாற்றோடு வருபவர் அவர். அன்றைக்கு அவன் பின்னாலேயே குனிந்து நடந்தார்.

"ஏலே, போலே... எங்கன வேணும்னாலும் போ. என் வண்டி மேலயே போ. நான் ஒண்ணும் சொல்லல."

அவர் குரல் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. திருமணப் பேச்சின்போதுகூட இல்லை.

அவன் மெல்ல நடந்தான். வண்டியை மோந்தான், வேண்டாம் என்று விட்டான். தெருவைத் தாண்டி எதிர்வீட்டு வாசலுக்குப் போனான். எதிர்வீட்டுப் பெரியம்மா அப்போதுதான் கோலம் போட்டு முடித்து நிமிர்ந்தார். சரியாக அதன் நடுவில் போய்க் காலைத் தூக்கினான். நிறுத்தாமல், நிதானமாக.

பெரியம்மா திட்ட ஆரம்பித்தார். என் கணவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"கோவிச்சுக்கிறாதீக ஆத்தா. இன்னும் நல்லாப் போகட்டும். நான் கழுவித் தர்றேன்."

இந்த மனுசனுக்கு என்ன ஆச்சு என்று பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். விவரம் தெரிந்ததும் அவரே, கோலந்தான, இன்னொண்ணு போட்டாப் போச்சு என்று சொல்லிவிட்டார். சொன்னபடி என் கணவர் வாளித் தண்ணீரோடு போய்க் கழுவியும் விட்டார்.

ரிசல்ட்டும் நல்லபடி வந்தது. சில நாட்கள் டிரிப்ஸுக்கு அலைந்தோம். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது என் கணவர் தோளிலிருந்து துண்டு போயிற்று. அவர் துரத்தவில்லை. சோற்றைப் பிசைந்தபடி, போகட்டும் என்று சிரித்தார். தேர்வு முடிந்ததும் மகளிடம் சொன்னேன். போனிலேயே ஒருமூச்சு அழுதுவிட்டு, ஏன் அப்போதே சொல்லவில்லை என்று சண்டை பிடித்தாள்.

தன் பழத்தைப் பற்றி ஒரு சொல் பொறுக்காத என் கணவர், இப்போது டீக்கடையில் நாய் வளர்க்கும் யாரைப் பார்த்தாலும் தானே வலியப் போய், திராட்சை மட்டும் கொடுத்துவிடாதீர்கள் என்கிறார். சிலர் கேலி செய்கிறார்கள். அவர் கண்டுகொள்வதில்லை.

அந்தக் கோட்டயத்து அம்மாவை நான் இன்றுவரை நேரில் பார்க்கவில்லை. நன்றி சொல்லப் போன் செய்தபோது, இவன் குரைக்கும் சத்தத்தைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் மறுபடி ஒன்று வளர்க்கலாமே என்றேன். இனி மனசில்லை சேச்சி என்றார்.

நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த ஒரு காட்சியைப் பார்த்து, நமக்கென்ன என்று நகராமல், பேசிப் பழகாத ஒரு வீட்டுக்குத் தன் துக்கத்தைத் திறந்து காட்டினார் அவர். ஒரு பெரிய உதவிக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை என்பதை, இந்தப் பயல் என் செருப்பைக் கடித்துத் துப்பும் ஒவ்வொரு காலையிலும் நினைத்துக்கொள்கிறேன்.