சுகிர்தத்தின் இரண்டு பிடி

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இட்லி விற்றுப் பிழைத்தவள் சுகிர்தம். கணவர் அருமைநாயகம் இறந்தபின் அந்த அடுப்பைத் தவிர அவளுக்கு வேறு ஆதரவு இல்லை. சாரல் காலத்தில் அருவிக்குப் போகிறவர்கள் அவளிடம் நின்று சாப்பிட்டுப் போவார்கள்; மற்ற மாதங்களில் ஊர்க்காரர்கள்தான் வாங்குவார்கள்.

அவளுடைய சபையின் பெண்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஜெபம் செய்து ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லாருடைய பிடியரிசியும் ஒரே பானைக்குள் போகும். ஸ்தோத்திரப் பண்டிகையன்று அதைப் பொங்கிச் சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அசனம் சாப்பிடுவார்கள். பானை சுகிர்தத்தின் பொறுப்பில் இருந்தது.

1957இல் அதே சபையைச் சேர்ந்த தங்கபுஷ்பம் குஷ்ட ஆஸ்பத்திரியிலிருந்து குணமாகித் திரும்பினாள். நோய் போயிருந்தது, மடங்கிய விரல்கள் நிமிரவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே முந்தானையில் அரிசி முடிந்து கொண்டுவந்தாள். சங்கத் தலைவி அன்னபாக்கியம் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டாள். தங்கபுஷ்பம் போனபின், "இத கோழிக்குப் போட்டுரு சுகிர்தம். மனசு நோகக் கூடாதுன்னுதான் வாங்கினேன்" என்றாள்.

அன்னபாக்கியம் நகர்ந்ததும் சுகிர்தம் அரிசியைப் பானையில் போட்டாள். வாராவாரம் அப்படியே செய்தாள். அசனம் முடிந்தபின் சொல்லிவிடலாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால் பயம் விட்டுப்போகும் என்பது அவள் எண்ணம்.

அசனத்தன்று இலைகளில் சோறு விழுந்துவிட்டது. தங்கபுஷ்பம் பக்கத்திலிருந்தவளிடம், "இந்தச் சோத்துல என் பிடியும் கிடக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். போதகர் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். அன்னபாக்கியம் சுகிர்தத்தின் காதோரம் குனிந்தாள்.

"ஏட்டி, கோழிக்குத்தான போட்ட?"

"பானையிலதான் போட்டேன்க்கா."

"விளையாடுதியா?"

"சபையில நின்னு பொய் சொல்லுவனா? அவ அரிசியும் நம்ம அரிசியும் ஒண்ணாத்தான் வெந்திருக்கு."

கோழிக்குப் போகவேண்டிய அரிசி சோற்றில் கிடக்கிறது என்ற பேச்சு வரிசை வரிசையாகப் பரவியது. "இவ இட்லியில இன்னும் என்னத்தல்லாம் கலந்தாளோ!" என்று ஒருத்தி சொன்னது எல்லாருக்கும் கேட்டது. போதகர் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது இலைகள் இருந்தன, ஆட்கள் இல்லை.

சுகிர்தம் தங்கபுஷ்பத்தின் அருகில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். தங்கபுஷ்பம் தன் இலையைத் தொடவில்லை.

"கோழிக்குப் போட்டிருந்தா எனக்குத் தெரியாமலே போயிருக்கும். இவங்களோட உக்காந்து ஒரு வாய் தின்னுருப்பேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளாக்கா?"

சுகிர்தத்துக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

தங்கபுஷ்பம் ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போய், அங்கேயே இறந்தாள். பேச்சு ஊருக்குள் பரவி இட்லி வாங்க ஆள் வராமல், சுகிர்தம் பாவூர்சத்திரம் சந்தைக்குக் கூலிக்கு வெங்காயம் பொறுக்கப் போனாள். பானைப் பொறுப்பும் கைமாறியது. ஆனாலும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை அவள் விடவில்லை. ஒரு பிடியைப் போட்டு, "இது என்னது" என்பாள். இன்னொன்றைப் போட்டு, "இது தங்கபுஷ்பத்தோடது" என்பாள். முதல் தடவை பானைக்காரி கையால் பானையின் வாயை மூடினாள். அந்தக் கை விலகும்வரை சுகிர்தம் நின்றாள்.

பிறகு யாரும் தடுக்கவில்லை. இரண்டும் சுகிர்தம் வீட்டு அரிசிதானே என்று பேசிக்கொண்டார்கள். ஆண்டுதோறும் அசனம் நடந்தது. சுகிர்தம் எல்லாருக்கும் பரிமாறுவாள். தான் மட்டும் இலை முன் உட்கார மாட்டாள்.