மொண்டெல்லோவில் ஒரு சிக்ஸர்

வியாழன் மத்தியானம். புலம்பெயர்ந்து வந்து இங்கே வீட்டு வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பெடியளுக்கு அரைநாள் லீவு. மொண்டெல்லோக் கடற்கரையில் கிரிக்கெட் நடக்கிறது. ஊர் பார்க்க வந்த நான் பந்து பொறுக்குகிறேன். மட்டை பிடித்திருப்பவர் பார்படோஸ்காரர், துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் சமையற்காரர். ஒருகாலம் தன் தீவுக்காகப் பந்தும் வீசி, அடித்தும் நொறுக்கியவர். முழங்கால் போனதோடு எல்லாம் முடிந்ததாம்.

அவர் தூக்கியடித்த பந்து தெருவைத் தாண்டிப் பெரிய வீடொன்றின் ஜன்னலில் மோதுகிறது. பொலிஸ் வந்தால் பெடியளின் வதிவிட அனுமதி என்னாகும்? சமையற்காரரும் மட்டையை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறார்.

"தம்பி, ஓடுவமே?" என்று பக்கத்தில் நிற்கும் பெடியன் மரியதாசைக் கேட்கிறேன்.

"ஏன் அண்ணை? நான் வேலை செய்யிற வீடுதான். வீட்டுக்கார அம்மா, சினோரா, கோடைக்குத்தான் வருவா. கண்ணாடிக்கு முன்னாலை பலகைக் கதவு இருக்கு, காலமை நான்தான் பூட்டினனான்."

வீட்டுத் திறப்புக் கொத்தைக் கிலுக்கிக் காட்டிவிட்டுப் பந்தெடுக்கப் போகிறான். நான் சமையற்காரரைப் பார்க்கிறேன்.

"அப்ப இன்னுமொண்டு அடிக்கட்டும்," என்கிறேன்.