வயலின் மேளமில்லை

1. மூடு

பேண்டு செட்டில் சேருகிறவனுக்கு முதலில் ஒரு பாட்டைக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைப்பீர்கள். எங்கள் செட்டில் முதலில் கற்றுக்கொடுத்தது நிறுத்துவதற்கு. மாஸ்டர் நீளமாக ஒரு விசில் ஊதுவார். அதற்கு எங்கள் பேச்சில் 'மூடு' என்று பெயர். அந்த விசில் கேட்டதும் பேஸ் டிரம், சைடு டிரம், கிளாரினெட் எல்லாம் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். ஓங்கிய குச்சியைக் கீழே கொண்டுவரக்கூடாது.

எங்கள் ஊர் உளுந்தூர்பேட்டைப் பக்கம். ஊர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒரு ஊர்தான் இப்படி என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

ஊர்வலம் காலனியிலிருந்து கிளம்பி மெயின் ரோட்டுக்கு வரும். பால் சொசைட்டி முனையில் மூடு. அங்கிருந்து பஸ் நிறுத்தம் வரை இரண்டு பக்கமும் ஊர்க்காரர்களின் மாடி வீடுகள். அந்தத் துண்டு ரோட்டில் எங்கள் ஜனங்கள் கல்யாணமானாலும் சாவானாலும் சத்தமில்லாமல் நடக்க வேண்டும். பஸ் நிறுத்தம் தாண்டியதும் குட்டையாக இன்னொரு விசில். பாட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். இடையில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். மாப்பிள்ளை மாலையைப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி நடப்பான்.

செட்டுக்கு மாஸ்டர் கோவிந்தன், என் தங்கை கலாவின் புருஷன். அன்றைக்குக் கல்யாணம் எங்கள் சித்தப்பா மகனுக்கு. நான் வயலினில் பிக்கப் மைக் மாட்டி, பேட்டரி ஆம்ப்ளிஃபையரை முதுகில் கட்டிக்கொண்டு முன்வரிசையில் ஆடியபடி வாசித்துக்கொண்டிருந்தேன். எங்களுடையது டான்ஸ் பேண்டு. உட்கார்ந்து வாசிக்கிற வேலையே கிடையாது.

சொசைட்டி முனையில் பெரிய வீட்டுக்காரர் ரோட்டுக்கே இறங்கி வந்து நின்றார்.

"மேளத்த நிறுத்துங்கடா."

கோவிந்தன் விசில் ஊதினான். எல்லாம் நின்றது. என் வில் நிற்கவில்லை.

வீரம் என்று நினைக்க வேண்டாம். பாட்டு சரணத்தின் நடுவில் இருந்தது. அந்தச் சரணத்தை எத்தனையோ கல்யாணத்தில் அதே முனையில் பாதியில் வெட்டியிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு முழுதாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"டேய், நிறுத்தச் சொன்னேன் இல்ல?"

"மேளம் நின்னுடுச்சிங்க," என்றேன், வாசித்துக்கொண்டே.

"அப்ப இது இன்னா?"

"வயலினுங்க."

"அதுவும் மேளந்தான்டா."

"மேளம்னா அடிக்கணுங்க. நான் எங்க அடிக்கிறேன்? தேய்ச்சிக்கினு இல்ல இருக்கேன்."

எங்கள் கூட்டத்தில் பெண்கள் சிரித்துவிட்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருந்த அவர்கள் ஆள் ஒருவரே, "வயலினு மேளத்துல சேராது சித்தப்பா. கோயில் கச்சேரிக்கு நாமளே வெச்சோமே," என்றார். பெரிய வீட்டுக்காரர் அவர் பக்கம் திரும்பி, "நீ வாய மூடு," என்றார். எங்கள் செட்டுக்காரர்களுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்ததும் மறுபடி சிரிப்பு.

அந்தச் சிரிப்பிலேயே நடந்துவிட்டோம். சரணம் முடிந்தது, பல்லவி வந்தது, பஸ் நிறுத்தம் வந்தது. மாப்பிள்ளை அன்றைக்குத் தரையைப் பார்க்கவில்லை.

2. கெளம்பு மச்சான்

யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்தால் கேஸ் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஊர்க்கூட்டம் போட்டார்கள். சொசைட்டி முனையில் எல்லோரும் பார்க்க நான் தரையில் விழுந்து கும்பிட வேண்டும். இல்லாவிட்டால் ஊரை விட்டுப் போக வேண்டும். அதுவரை காலனி ஆட்களுக்கு வயல் வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது.

நடவு நேரம். எங்கள் ஜனங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. நடவு போனால் அடுப்பு எரியும், போகாவிட்டால் எரியாது. ஊர்க்காரர்கள் வேறு ஊரிலிருந்து ஆட்களை வேன் வைத்துக் கூட்டிவந்தார்கள். எங்கள் பெண்கள் வாய்க்கால் மேட்டில் நின்று அந்த வேனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

முதலில் என்னைத் தட்டிக்கொடுத்தவர்கள் பிறகு என் முகத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் கோவிந்தன் வந்து வாசலிலேயே நின்றான்.

"வுழறதுன்னா வுழுந்துட்டு எழுந்துடு மச்சான். மண்ணு ஒட்னா தட்டிக்கலாம்."

"மாட்டேன்."

"அப்ப கெளம்பு மச்சான். வயித்துக்கு வயலினு தெரியுமா, மேளம் தெரியுமா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. கலா அவளுடைய பழைய புடவை ஒன்றை வயலினைச் சுற்றிப் பெட்டிக்குள் திணித்தாள். பெட்டியின் உள்துணி கிழிந்து வயலின் உள்ளே ஆடிக்கொண்டிருந்தது. அவள் மகள் மகா அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். "மாமா, எப்ப வருவ?" என்றாள். "பாட்டு முடிஞ்சதும்," என்றேன்.

ஊர் என்னைத் துரத்தியது என்று சொல்வது பாதி உண்மை. துரத்தியது ஊர். பஸ் ஏற்றி அனுப்பியது என் ஜனம். இரண்டாவதுதான் ரொம்ப நாள் வலித்தது.

3. கை நின்ற இடம்

ஊர் சுற்றுவது எனக்குப் புதிதில்லை. எட்டாவதைப் பாதியில் விட்டுவிட்டு லாரியில் கிளீனராகப் போனவன். சேலத்தில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் ஸ்பீக்கர் பெட்டி தூக்கினேன். அங்கே வயலின்காரர் துபாய்க்கு வேலைக்குப் போனபோது வயலினை விட்டுவிட்டுப் போனார். அதை எடுத்துத் தேய்த்துத் தேய்த்துக் கற்றுக்கொண்டேன். நோட்ஸ் படிக்கத் தெரியாது. காதில் கேட்டால் கையில் வரும்.

ஆனால் நாமாகச் சுற்றுவது வேறு, வரக்கூடாது என்று சொல்லி அனுப்பியபின் சுற்றுவது வேறு. முதலாவதில், நினைத்தால் திரும்பலாம். சின்னசேலத்தில் மூட்டை தூக்கினேன். சங்கராபுரத்தில் கட்டட வேலை பார்த்தேன். எங்கள் ஊர் வழியாகக் களமருதூர்ப் பக்கம் போகிற பஸ் எதிரில் வந்து நின்றால் வேறு பக்கம் பார்ப்பேன். கடைசியில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கச்சிராயபாளையத்தில் வேன் ஏறி, கல்வராயன் மலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மலையில் வயலின் மனிதனைப் போலவே அவதிப்பட்டது. பனியில் தந்தியை முறுக்குகிற கட்டை ஊதிக்கொண்டு திரும்பாது. வெயில் வந்தால் வழுக்கும். பள்ளிக்கூடச் சாக்பீஸைக் கட்டையில் தேய்த்துப் பார்த்தேன், பிடித்துக்கொண்டது. மலையேறி வாசிக்கப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

கிழங்குக் காட்டின் சொந்தக்காரர் சடையன். மலைக்காரர். கூலி கொடுத்தார், இருக்க ஒரு கொட்டகை கொடுத்தார். என்ன சாதி என்று அவரும் கேட்டார். சொன்னேன். "சரி, கெழங்கு பிடுங்கத் தெரியுமா?" என்றார். அவர் மகன் கல்யாணத்துக்கு வயலினை எடுத்து வரச் சொன்னார்.

ஊர்வலம் மண்பாதையில் கிளம்பியது. அவர்கள் பறையும் என் வயலினும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதை ஒரு இடத்தில் திரும்பியது. முனையில் நாலைந்து வீடுகள், ஒரு கடை. என் கை நின்றுவிட்டது.

யாரும் விசில் ஊதவில்லை. யாரும் எதிரில் வரவில்லை. வில் தானாகத் தந்தியிலிருந்து எழும்பி நின்றது. நான் தலையைக் குனிந்து நடந்துகொண்டிருந்தேன்.

சடையன் திரும்பிப் பார்த்தார். "இன்னாப்பா, தந்தி அறுந்துபோச்சா?"

"இல்லைங்க. முனை வந்துச்சி, அதான்."

"முனை வந்தா?"

"முனை வந்தா நிறுத்தணும் இல்லைங்களா."

அவருக்குப் புரியவில்லை. முனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முனையிலதான்பா ஜாஸ்தி வாசிக்கணும். கடைக்காரன் வெளிய வர வேணாமா?" என்றார்.

ஊரில் எதிர்த்து வாசித்தவன் என்று அதுவரை என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. ஒரு நாள் ஒரு பாட்டு வாசித்துவிட்டேன், சரி. மற்ற நாள் எல்லாம் நின்ற கை இது. அதற்கு விசில் வெளியில் வேண்டியதில்லை, உள்ளேயே இருந்தது. அதன்பின் மலையில் கல்யாணம், திருவிழா எது வந்தாலும் முனைகளில்தான் நான் உரக்க வாசித்தேன். கையைப் பழக்க வருஷக்கணக்காயிற்று.

4. தாய்மாமன்

ஒரு நாள் கோவிந்தன் மலைக்கு வந்தான். தலையில் பாதி நரைத்திருந்தது. மகாவுக்குச் சின்னசேலத்தில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் ஆகியிருந்தது. தாய்மாமன் நான் ஒருவன்தான். எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை போட்டு மணையில் உட்கார வைக்காமல் பெண்ணுக்குக் கல்யாணம் இல்லை.

"ஊர்ல பேசிட்டேன் மச்சான். வரலாம்னுட்டாங்க."

"அவ்ளோதானா?"

அவன் கீழே பார்த்தான். "சொசைட்டி முனையில ஒரு தடவ வுழணும். அப்புறம் வயலினு பொட்டியில இருக்கணும். ஊருக்குள்ள எடுக்கக் கூடாது."

"இத்தன வருஷம் கழிச்சும் அந்தச் சரணம் அவங்களுக்கு மறக்கல பாரு."

"வெளையாட்டு இல்ல மச்சான். ஒரே தங்கச்சி, அவளுக்கு ஒரே பொண்ணு."

யோசித்துச் சொல்கிறேன் என்று அவனை அனுப்பினேன். விழுந்துவிடலாம் என்று நினைத்தேன், அதை மறைக்கப் போவதில்லை. மண்ணில் படுத்து எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும்? எழுந்தால் மகா கழுத்தில் மாலை போடலாம். ஆனால் நான் விழுந்தால் அந்த ரோட்டில் இனி வயலினும் மேளம் ஆகிவிடும். எனக்குப் பின்னால் வருகிறவனுக்குச் சொல்ல அந்த ஒரு பதில்கூட மிஞ்சாது.

மறுநாள் மகாவே போன் செய்தாள். கொட்டகைக்கு மேலே பாறையில் ஏறினால்தான் டவர் கிடைக்கும்.

"மாமா, அப்பா சொல்லிச்சி. வுழப் போறியா?"

"நீ இன்னா சொல்ற?"

"நீ வுழுந்து எழுந்து வந்தீன்னா நான் மணையில ஒக்கார மாட்டேன். மண்ணு ஒட்ன கையால எனக்கு மால வேணாம்."

"அப்ப நான் எப்படிம்மா வர்றது?"

"நீ இன்னாத்துக்கு வரணும்? உன்னத்தான வுட மாட்றாங்க? என்னைய யாரு மலைக்கு வரவேணாம்னது?"

5. கல்யாணம் மலையேறியது

பெண் வீடு, மாப்பிள்ளை வீடு எல்லோரும் வேனில் மலையேறினார்கள். பாதிப் பேர் கொண்டைஊசி வளைவில் வாந்தி எடுத்துவிட்டு வந்து சேர்ந்தார்கள். கோவிந்தன் பேண்டு செட்டோடு வந்தான். சடையன் வீட்டு வாசலில் பந்தல். மகாவுக்கு மாலை போட்டு மணையில் உட்கார வைத்தேன். கலா என் பெட்டியைத் திறந்து பார்த்தாள். அவள் திணித்த புடவை உள்ளேயே இருந்தது. "இத இன்னும் தோய்க்கவே இல்லையா?" என்றாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

தாலி கட்டியபின் ஊர்வலம். செட்டோடு சேர்ந்து வாசித்து எத்தனையோ காலம். பேஸ் டிரம்மின் அடி நெஞ்சில் விழுந்தது. பாதை திரும்பி, கடை முனை வந்தது.

செட்டு நின்றது.

விசில் இல்லை. கோவிந்தன் கை சட்டைப்பைக்குப் போகவே இல்லை. எல்லாம் ஒரே அடியில் நின்று, எல்லோரும் தலையைக் குனிந்து நடந்தார்கள். மலைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சடையன் என் பக்கம் வந்து, "உங்க ஊர்ல எல்லாருக்கும் இந்த வியாதி இருக்குதா?" என்றார்.

நான் நிறுத்தவில்லை. சொசைட்டி முனையில் அன்றைக்கு வாசித்த அதே சரணத்துக்குப் போனேன். மகா மாலையோடு திரும்பி, "யப்பா! யாரு ரோடுன்னு நின்னுக்கினு இருக்க?" என்று கத்தினாள். கோவிந்தன் சுற்றிலும் பார்த்தான். பெரிய வீடு எதுவும் இல்லை. கடைக்காரர் வெளியே வந்து ஆடுவதற்குத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். கோவிந்தன் சைடு டிரம்காரனின் குச்சியை வாங்கி அவனே அடித்தான். ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். அந்த முனையிலிருந்து யாருக்கும் நகர மனம் வரவில்லை.

அடுத்த வாரம் மகாவும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு ஊருக்குப் போனார்கள். திரும்பும்போது காலனியிலிருந்து செட்டோடு வழியனுப்பு ஊர்வலம். எனக்கு அங்கே அனுமதி இல்லை. பாறை மேல் உட்கார்ந்திருந்தேன். மகா போன் செய்து, பேசாமல், போனைக் கையில் பிடித்தபடியே நடந்தாள்.

அந்த ரோடு எனக்குக் காதாலேயே தெரியும். காலனி நாய்கள் குரைத்தன. மாவு மில் சத்தம் வந்து போனது. பிறகு சொசைட்டியில் பால் கேன்கள் உருளும் சத்தம். இங்கேதான் விசில் வரவேண்டும். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். யாரோ கத்துவது கேட்டது. "மேளத்த நிறுத்துங்கடா" என்பதாகத்தான் இருக்க வேண்டும், சரியாகக் கேட்கவில்லை. ஏனென்றால் மேளம் நிற்கவில்லை. பேஸ் டிரம், சைடு டிரம், கிளாரினெட் எல்லாம் ஒலித்துக்கொண்டே போயின. பஸ் நிறுத்தத்தில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அப்போதும் நிற்கவில்லை.

அதன்பின் எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று எழுத முடியாது. வயல் வேலை மறுபடி நின்றது. இந்தத் தடவை யாரும் யாரையும் பஸ் ஏற்றி அனுப்பவில்லை. சேர்ந்தே சங்கராபுரத்துக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். போலீஸ் ஸ்டேஷன் வரை விஷயம் போனது. இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. என்னை வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போகிற அன்றைக்குப் பெட்டியைத் திறந்துகொண்டுதான் போவேன்.

இந்தத் தொழிலில் நான் கற்றது ஒன்றுதான். நிறுத்தச் சொல்கிறவன் ஒரு தடவைதான் சொல்கிறான், மீதியை நம் கை பார்த்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் கையைக் கவனியுங்கள். எங்கள் செட்டில் இப்போதும் விசில் இருக்கிறது. கோவிந்தன்தான் ஊதுகிறான். குட்டை விசில் மட்டும். அது பாட்டைத் தொடங்குவதற்கு.