ஃபெஸ் நகரத்தில் மேற்கு

மடத்தனத்தில் பல வகைகளை நான் பார்த்திருக்கிறேன், எல்லாமே என்னுடையவை. ஈர மிளகைக் காய்ந்த மிளகு என்று நம்பி மூட்டை மூட்டையாக வாங்கியிருக்கிறேன். கண்டி பஸ் என்று தம்புள்ளை பஸ்ஸில் ஏறி, பஸ்தான் தப்பான பக்கம் போகிறது என்று கண்டக்டரோடு சண்டையும் பிடித்திருக்கிறேன். ஆனால் மொரோக்கோவுக்கு ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவன், மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிறவனைப் போல ஊராரைக் கட்டிப்பிடித்து விடைபெற்றானே, அந்த மடத்தனத்துக்குப் பக்கத்தில் நிற்க மற்றவை எல்லாம் வெட்கப்படும்.

தோஹாவில் வேலை செய்யும் மகன்தான் ஆரம்பித்து வைத்தான். அவனுக்கு விடுமுறை கிடைத்திருந்தது. ஃபெஸ் என்ற பழைய நகரத்துக்கு என்னையும் மனைவியையும் கூட்டிப் போகிறேன் என்று டிக்கெட் அனுப்பினான். மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிறவன் நான். எனக்கு வெளியூர் என்றால் கொழும்பு. அதுவும் போன காரியம் முடிந்ததும் தலையிடி வந்து திரும்பிவிடுவேன். மனைவி புது சூட்கேஸ் ஒன்று வாங்கச் சொன்னாள். வாங்கினேன். சக்கரம் வைத்த சாமானை உருட்டாமல் தூக்கிப் போக யாருக்கு மனம் வரும்? தெருவெல்லாம் உருட்டிக்கொண்டு, அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வெளியே வரும் நேரம் பார்த்து நடுவே போய் நின்றேன்.

பயணமா என்று ஒருவர் கேட்டார். ஓம், வருகிற கிழமை என்றேன். எங்கள் ஊரில் தாடி நரைத்த முஸ்லிம் ஒருவன் வெளிநாட்டுப் பயணம் என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். நபியவர்களுக்கு என் ஸலாமையும் எத்தி வைங்க என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

உம்ராவுக்குப் போகிறவன் புறப்படும் முன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பதும், போகாதவர்கள் அவனிடம் தங்கள் துஆக்களை, அதாவது பிரார்த்தனைகளை, ஒப்படைத்து அனுப்புவதும் எங்கள் வழக்கம். நான் வாய் திறந்து பொய் சொல்லவில்லை. சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு தோளாகச் சாய்ந்து, மன்னிச்சிடுங்க என்றேன். உள்ளதைச் சொன்னால் அது எனக்குப் பிடித்திருந்தது. முடி வெட்டும் கடையில் வரிசையில் காத்திருந்தவர்கள் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார்கள். கராம்பு வியாபாரத்தில் ஏற்பட்ட கசப்பில் என்னோடு பல வருடம் பேசாமல் இருந்த ஒருவர் கடைக்கே வந்து, நடந்ததையெல்லாம் மன்னித்துவிட்டேன் என்று கண் கலங்கினார். பிழையான சரக்கென்றால் திருப்பி அனுப்பலாம். ஒருவர் கொடுத்த மன்னிப்பை எந்த லொறியில் ஏற்றித் திருப்பி அனுப்புவது?

மனைவி விஷயத்தைக் கேள்விப்பட்டதும் தலையில் கை வைத்தாள். உடனே போய் உண்மையைச் சொல்லச் சொன்னாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

நாளைக்கு, ராத்தா வந்தார்.

ராத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. அலுவிகாரையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. கூடப் பிறந்தவரல்ல, ஆனால் மதில் மேலால் கறிச் சட்டி போய் வந்த அளவுக்குச் சொந்தம். அவருடைய ஒரே மகள் அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். அதற்கு முன் இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. இரண்டாவதன் பிறகு அந்தப் பிள்ளை வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்தியிருந்தாள். மருமகன் நல்லவன்தான், ஆனால் மருமகனின் தாய் மகனுக்கு வேறு கல்யாணம் என்று பேச ஆரம்பித்திருந்தாள்.

நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ராத்தா உட்காரவில்லை. சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"எனக்கு ஒண்ணும் வாணாம் தம்பி. பேரீச்சம்பழம்கூட வாணாம். மக்காப் பள்ளியில கஃபாவப் பாத்து நிண்டு, என்ட புள்ளட வயித்துல ஈக்கிறது நிக்கணும்னு மட்டும் கேளுங்க."

"இன்ஷா அல்லாஹ் ராத்தா" என்றது என் வாய். என் வாய்க்கு என்னைக் கேட்டுப் பேசும் பழக்கம் கிடையாது.

தோஹாவில் மகனோடு சேர்ந்து ஏறிய விமானத்தில், முன் சீட்டின் முதுகில் ஒரு சிறிய திரை இருந்தது. அதில் விமானத்தின் படமும், மக்கா எந்தப் பக்கம் என்று காட்டும் அம்பும். மனைவி தூங்கினாள். மகன் படம் பார்த்தான். நான் அம்பைப் பார்த்தேன். போகப் போக அது மெதுவாகத் திரும்பி, கடைசியில் விமானத்தின் வாலைக் காட்டிக்கொண்டு நின்றது. மகனைத் தட்டி, திரும்பி வரும்போது நடுவில் மக்காவுக்குப் பக்கத்திலுள்ள ஜித்தாவில் ஒரு நாள் இறங்க முடியாதா என்று கேட்டேன்.

"இது என்ன வாப்பா, ரத்தோட்ட பஸ்ஸா? பெல் அடிச்சா நிப்பாட்ட?" என்றான். டிக்கெட்டும் விசாவும் வேறு, தன் லீவும் முடிகிறது என்று பிறகு விளக்கமாகச் சொன்னான். எதற்காகக் கேட்டேன் என்பதை, விழித்துக்கொண்ட தாய் அவனுக்குச் சொன்னாள். சாப்பாட்டுத் தட்டு வரும்வரை சிரித்தான்.

ஃபெஸ் நகரத்தின் பழைய பகுதிக்குள் வாகனம் போகாது. மண் நிற மதில்களுக்கு நடுவே, கையை விரித்தால் இரண்டு பக்கமும் இடிக்கும் சந்துகள். சாமானெல்லாம் கழுதை மேல்தான் போகிறது. பின்னாலிருந்து கழுதைக்காரன் ஒரு சத்தம் போடுவான். சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் கழுதைக்கு ஸலாம் சொல்லி வழிவிட்டேன். மனைவி ஒரு கட்டத்தில் எனக்கு நாலடி தள்ளி நடக்க ஆரம்பித்தாள்.

நாங்கள் தங்கிய வீட்டுக்கு மொட்டை மாடி உண்டு. முதல் நாள் பின்னேரம் அங்கே ஏறிப் பார்த்தேன். நகரம் முழுக்கத் தட்டைக் கூரைகள், காய்கிற துணிகள், டிஷ் அன்டெனாக்கள், இடையிடையே பச்சை ஓடு போட்ட பள்ளிவாசல்கள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாப் பக்கமிருந்தும் மஃரிப் தொழுகைக்கான பாங்கு கேட்டது. எனக்கு உள்ளே ஏதோ உருகியது. இங்கேயே, இப்போதே ராத்தாவுக்காகக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். தொழுகை விரிப்பை, சூரியன் மறைகிற பக்கம் பார்த்து விரித்தேன். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம்தானே தொழுகிறேன். தொழுது முடித்து இரண்டு கையையும் ஏந்தி நீண்ட நேரம் கேட்டேன். எவ்வளவு உருக்கமாக என்றால், என் உருக்கத்தை நானே ஓரக்கண்ணால் பார்த்து மெச்சிக்கொள்ளும் அளவுக்கு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், எனக்குப் பின்னால் மனைவி தொழுதுகொண்டிருந்தாள். அவளுடைய விரிப்பு நேர் எதிர்ப்பக்கம் கிடந்தது. என் முதுகுக்கு அவள் முதுகு.

அவள் ஸலாம் கொடுத்துத் தொழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிழையான பக்கம் தொழுதாய் என்று திருத்தினேன். அவள் விரிப்பை மடித்தாள். தொழும் திசையான கிப்லா மேற்குப் பக்கம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இந்த வயதில் உனக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்று மேலும் விளக்கினேன். தம்புள்ளை பஸ் கண்டக்டரிடம் பேசிய அதே குரல் என்று இப்போது நினைக்கத் தோன்றுகிறது. மகன் மேலே வந்தான். இருவரையும் பார்த்தான். கைப்பேசியை எடுத்து என் முன்னால் நீட்டினான். அதிலும் ஓர் அம்பு. இந்தப் பயணத்தில் அம்புகள் என்னை விடுவதாக இல்லை.

மாத்தளையிலிருந்து மக்கா மேற்கே. மொரோக்கோ மக்காவையும் தாண்டி அந்தப் பக்கம் கிடக்கிறது. அங்கிருந்து கிழக்கே பார்க்க வேண்டும்.

"மக்காவுக்குப் போறேன்னு ஊர ஏமாத்தினது போதாதுன்னு, மக்காவுக்கு முதுகையும் காட்டிட்டீங்க" என்றாள் மனைவி.

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். தெரியாமல் செய்ததற்குக் குற்றமில்லை என்று ஓதிப் படித்தவர்கள் சொல்வார்கள். பக்கம் தெரியாதது உண்மைதான். மற்றது எல்லாம் தெரிந்து செய்ததல்லவா?

மறுநாள் தோல் பதனிடும் இடத்தைப் பார்க்கப் போனோம். வட்ட வட்டமான கல் தொட்டிகளில் மஞ்சளும் சிவப்புமாகச் சாயம் நிற்க, அவற்றுக்குள் இடுப்பளவு இறங்கி ஆட்கள் தோலை மிதித்துக்கொண்டிருந்தார்கள். மேலே கடை மாடியில் நின்று நாங்கள் வேடிக்கை பார்த்தோம். நாற்றம் தாங்காதென்று வாசலிலேயே ஒரு கட்டுப் புதினா கொடுக்கிறார்கள். புதினாவை மூக்கில் செருகிக்கொண்டு, மீசையும் புதினாவும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுக்கச் சொல்லி மகனுக்குப் பல கோணங்களில் நின்று காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது மனைவியின் கைப்பேசி சத்தம் போட்டது.

ராத்தாவின் குரல் பதிவு. மனைவி அதைக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு என் காதில் வைத்தாள்.

"தங்கச்சி, மகள மாத்தள ஆஸ்பத்திரியில நிப்பாட்டியிருக்காங்க. கொஞ்சம் ரத்தம் பட்டிருக்கு. தம்பிட்டச் சொல்லுங்க. கஃபாக்கிட்ட நிக்கிற நேரம் மறந்துடாமக் கேக்கச் சொல்லுங்க."

புதினாவை மூக்கிலிருந்து எடுத்தேன். நாற்றம் முழுதாக வந்து அறைந்தது. அது சரியாகத்தான் பட்டது.

இப்போதாவது எடுத்துச் சொல்லுங்கள் என்றாள் மனைவி. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற தாயிடம், ராத்தா நான் ஆட்டுத்தோல் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வது? கைப்பேசியை வாங்கி, கேக்கிறேன் ராத்தா என்று மட்டும் பதிவு செய்து அனுப்பினேன். அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் அது ஊரில் சிரித்துச் சமாளித்ததைவிட மோசம்.

நகரத்தின் நடுவே மிகப் பழைய பெரிய பள்ளிவாசல் ஒன்று இருக்கிறது. ஒரு பெண் கட்டுவித்தது என்றார்கள். வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. முஸ்லிம்கள் மட்டும் உள்ளே போகலாம். நான் வேகமாக ஏறப்போக, காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார். பிழை அவருடையதல்ல. மகன் வாங்கித் தந்த அகலத் தொப்பியும், கழுத்தில் கமராவும், ஒட்டகம் போட்ட டீ ஷர்ட்டும் எனக்கு. அபாயா அங்கி போட்ட மனைவி அவருக்கு ஸலாம் சொல்லிவிட்டு என்னைத் தெரியாதவள் போல உள்ளே போய்விட்டாள். காவலாளி என்னைப் பார்த்து, ஓது என்பது போல் கையை அசைத்தார். வாசலில் நின்று, வேடிக்கை பார்க்கும் வெள்ளைக்காரர்களுக்கு முன்னால், மதரஸாவில் பாடம் ஒப்பிக்கும் பையனைப் போல குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை ஓதிக் காட்டினேன். பாதியிலேயே போதும் என்று உள்ளே விட்டார்.

உள்ளே வெள்ளை வெள்ளையாக வளைவுகள், கோரைப்பாய், அமைதி. எல்லோரும் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்துத் தொழுதேன். கையை ஏந்தினேன். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அந்தப் பிள்ளையை மனதில் கொண்டுவர முயன்றேன். வந்தது அவளில்லை. முதலில் என் மனதிலிருந்து வெளியே வந்த வார்த்தை, யா அல்லாஹ், இது ஊருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள் என்பது.

அதைத்தான் கேட்டேன். எனக்காகத்தான் கேட்டேன். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் மூன்றாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படுத்திருக்க, அவளுடைய இடத்தில் என்னைத் தூக்கி முன்னால் வைத்துக் கேட்டேன். இதைப் பகிடியாகச் சொல்ல நான் பல தடவை முயன்று பார்த்திருக்கிறேன். முடியவில்லை. பிறகு அவளுக்காகவும் கேட்டேன்தான். ஆனால் அது வரிசையில் பின்னால் நின்றது.

கடைசி நாளில் மனைவி கடைத்தெருவில் பேரீச்சம்பழம் வாங்கினாள். கறுப்பாக, சாறுள்ள நல்ல பழம். பொதியில் எழுதியிருந்தது எல்லாம் அரபி. மதீனாப் பழம் என்று கொடுத்தால் மாத்தளையில் யார் வாசித்துக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று என் மண்டைக்குள் ஒருவன் சொன்னான். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, அப்படி ஒன்றும் செய்ய விடமாட்டேன் என்றாள்.

ஊர் வந்து சேர்ந்த அன்று சூட்கேஸைத் திறக்கக்கூட இல்லை. கைப்பையிலிருந்த பேரீச்சம்பழப் பொதியை எடுத்துக்கொண்டு ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். மகள் இன்னும் ஆஸ்பத்திரியில்தான். பிள்ளை இன்னும் நிற்கிறது, ஆனால் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ராத்தா குசினியில் நின்று, பின்னேரம் கொண்டுபோகக் கஞ்சியை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, அகப்பையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். மக்காவுக்குப் போய் வந்தவனைப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையில் இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் நான் மறுபடியும் சிரித்திருப்பேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சூட்கேஸ் உருட்டியதிலிருந்து சொன்னேன். கஃபாவின் பக்கமே போகவில்லை, போனது வேறு நாடு, வெறும் ஊர் சுற்றல் என்று சொன்னேன். மொட்டை மாடியில் கிப்லாவுக்கு முதுகு காட்டி அவருடைய துஆவைக் கேட்டதையும், பெரிய பள்ளியில் முதலில் யாருக்காகக் கேட்டேன் என்பதையும் சொன்னேன். நடுவில் கழுதைக்கு ஸலாம் சொன்னதையும் சேர்த்துவிட்டேன், பழக்கம் விடவில்லை. அவர் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. முகத்திலிருந்த மலர்ச்சி மட்டும் போய்விட்டது. திரும்பி, மிச்சக் கஞ்சியை ஊற்றி, ஃபிளாஸ்க்கின் மூடியை இறுக்கித் திருகினார். நான் பேரீச்சம்பழப் பொதியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மன்னிச்சிடுங்க ராத்தா என்றேன். பயணம் போகும் முன் எல்லோரிடமும் சொன்ன அதே சொல்தான். இந்தத் தடவை அதைச் சிரிக்காமல் சொன்னேன்.

ராத்தா ஃபிளாஸ்க்கைப் பையில் வைத்தார். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு குசினி ஜன்னல் பக்கம் கையை நீட்டிக் காட்டினார்.

"மேக்கு அந்தப் பக்கம், இப்ப கேளுங்க."