விலகாத புள்ளிகள்

கணினித் திரையில் தெரியும் புள்ளியை அவர் நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார். உதிர்ந்தால் தூசி, உதிராவிட்டால் நோயாளி.

சுகாதார அலுவலகத்தின் மாடி அறையில் அவருக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நர்ஸுகள் வீடு வீடாகப் போய், நோயாளிக்கு ஒன்றாகக் கைபேசியில் படிவம் நிரப்புவார்கள். அடுத்த நிமிடம் அவருடைய இணைய வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். அதனால் அலுவலகத்தில் அவர் பெயர் 'பெரும்புள்ளி'.

"வீட்டுக்கு வந்தவங்கள தண்ணி குடிக்கிறீங்களான்னு கேப்பாங்க. இவரு, எந்தத் தண்ணி குடிக்கிறீங்கன்னு கேப்பாரு" என்பார் அவர் மனைவி.

போன செவ்வாய்க்கிழமை காலை, வாந்திபேதிப் புள்ளிகள் பதினான்கு ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்திருந்தன. மருத்துவ அதிகாரி, பள்ளியை மூடும் உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார்.

"ஒரு மணி நேரம் குடுங்க மேடம்."

"அதுக்குள்ள இன்னும் நாலு பேர் படுத்துருவாங்க சார்."

அவர் படத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கினால் புள்ளிகள் வீட்டுக்கு வீடு விலக வேண்டும். இவை ஒன்றின்மேல் ஒன்றாக அப்படியே நின்றன. கதவு எண் இல்லாத நோயாளியை வரைபடம் அந்த வட்டாரத்தின் நட்டநடுவில் கொண்டுபோய் வைத்துவிடும். அங்கே நட்டநடுவில் இருந்தது பள்ளிக்கூடம். நர்ஸுகளின் புலம்பல் தாங்காமல், கதவு எண் கட்டாயமில்லை என்று போன மாதம் படிவத்தை மாற்றியவர் அவரேதான்.

"தப்பு என்னுது மேடம். அவங்க யாரும் ஸ்கூல்ல இல்ல."

"அப்ப எங்க இருக்காங்க?"

அவர் சன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே பதினான்கு வீடுகளுக்கும் போன் போட்டார்.

"கதவு நம்பர் மட்டும் சொல்லுங்கண்ணே... சரி, போய்ட்டு வாங்க, அவசரமில்ல. லைன்லயே இருக்கேன்."

எண் கிடைக்கக் கிடைக்க, புள்ளிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். அவை பள்ளியை விட்டு இறங்கி, ஒரே தெருவில் வரிசையாகப் போய் நின்றன. அந்தத் தெருவுக்கு மட்டும் தனிக் குடிநீர்க் குழாய். பதினான்காவது வீட்டில் போனை எடுத்தது பக்கத்து வீட்டுக்காரி.

"கொழந்தைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நீங்க யாரு?"

அவர் கதவு எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் நடந்தது. தெருக் குழாயின் வால்வை மூடி, லாரியில் தண்ணீர் கொடுத்தார்கள். குழந்தைக்கு இன்னும் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் ஒருவர் போனில் சண்டைக்கு வந்தார்.

"கதவு நம்பர் போடாம ஃபார்ம் நகரவே மாட்டேங்குது சார்."

"நகராதும்மா."

பதினொன்றரைக்குத் திரையில், அடுத்த தெருவில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. நகத்தால் சுரண்டினார். மறுபடியும் சுரண்டினார்.