அண்ணியின் ஆமாஞ்சாமி

எங்கள் அண்ணி கார் ஓட்டக் கற்ற கதையைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வரட்டும். ஒரு வாரத்துக்கு எனக்குக் கேக் துண்டு கிடைக்காது, அவ்வளவுதான்.

அண்ணிக்கு வீட்டிலேயே கேக் தொழில். பின்னறை முழுக்க அவருடைய ஓவனும் தட்டுகளும் கிரீம் அடிக்கும் மெஷினும். மிச்சமிருக்கும் இடத்தில் அண்ணனும் நானும் ஒண்டிக்கொண்டிருக்கிறோம். மூன்றடுக்குக் கல்யாண கேக்கை அவர் அடுக்கி நிறுத்தினால் நூல் பிடித்த மாதிரி நிற்கும். ஆனால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க அண்ணன் வேண்டும். அண்ணன் லாரி டிரைவர். லோடு கிடைத்தால் வீட்டில் இருக்கமாட்டார், வீட்டில் இருந்தால் விழித்திருக்கமாட்டார். யாராவது ஆர்டர் கொடுக்க வந்தால் அண்ணி காலண்டரைப் பார்க்கமாட்டார், அண்ணன் முகத்தைத்தான் பார்ப்பார். அந்த முகம் கொஞ்சம் கோணினால் போதும், ஆர்டர் போச்சு. கைக்கு வந்த எத்தனையோ நல்ல ஆர்டர்களை அண்ணி அப்படி விட்டிருக்கிறார். எனக்கு வயிறெரியும். அவர் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவுவார்.

ஒருநாள் திடீரென்று டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிட்டார். கிளட்ச்சை விடும்போதெல்லாம் வண்டி ஒரு குதி குதித்து நின்றது. அங்கிருந்த மாஸ்டர் பொறுமைசாலி என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயரை அண்ணி ஒரே மாதத்தில் கெடுத்தார்.

"அம்மா, கிளட்ச்சே இல்லாத வண்டி இருக்கு. கியரை அதுவே மாத்திக்கும். சின்னக் கார்லயே வருது. அதை வாங்கிட்டீங்கன்னா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்று கடைசியில் அவரே கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்படித்தான் அந்தக் கார் எங்கள் வாசலுக்கு வந்தது. சின்ன வண்டி. காலடியில் இரண்டே பெடல். அண்ணி உட்கார்ந்து பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் அது தானாக ஊர்ந்தது. குதிக்கவில்லை, நிற்கவில்லை. அண்ணியின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்!

தெருமுனை தாண்டி ஆக்சிலேட்டரை மிதித்த பிறகுதான் வண்டியின் சுயரூபம் தெரிந்தது. முதல் கியரில் உறுமிக்கொண்டு போகும். போகிற போக்கில் என்ன நினைத்துக்கொள்ளுமோ, இழுவையை விட்டுவிட்டு ஒரு கணம் சும்மா இருக்கும். உள்ளே இருக்கிற எல்லோருடைய தலையும் முன்னால் போகும். பிறகு இரண்டாம் கியர் விழும், தலைகள் பின்னால் வரும். மூன்றாவது விழும்போது மறுபடியும் அதே கூத்து. எதைக் கேட்டாலும் சரி சரி என்று எல்லோரும் தலையாட்டிக்கொண்டே போகிற மாதிரி இருக்கும். வண்டிக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்தது நான்தான். அண்ணி முறைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அண்ணன் முதல் தடவை ஏறி இறங்கியதும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"உள்ள இருக்கறது நம்ம பழைய கியர்பாக்ஸ்தான்டா. கிளட்ச்சும் இருக்கு. நமக்குப் பதிலா ஒரு குட்டி மோட்டார் மிதிக்குது. அவ்வளவுதான். அந்த மோட்டாருக்கு யாரோ லைசென்ஸ் குடுக்காம விட்டுட்டாங்க."

சிரிப்பாகத்தான் இருந்தது, கல்யாண மண்டபத்துக்கு முதல் கேக் போகிறவரைக்கும். அந்த மண்டபத்துச் சமையலறையில் வெளியாட்களுக்கு இடம் தரமாட்டார்கள். வீட்டிலேயே மூன்றடுக்கையும் அடுக்கித்தான் கொண்டுபோக வேண்டும். ஆமாஞ்சாமி வழியெல்லாம் தலையாட்டியதில் கேக்கும் கூடவே ஆடி, போய்ச் சேர்ந்தபோது மேலடுக்கு சொகுசாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மண்டப மேனேஜர் தன் தலையையும் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னொரு தடவை இப்படி வந்தா நாங்க வேற ஆளைப் பாத்துக்குவோம்மா."

அதைக் கேட்டதும் அண்ணன் தன் ஷெட் மெக்கானிக்கிடம் பேசிவிட்டார். அடுத்த கேக்கும் சாய்ந்தால் வண்டியை அவன் விலைக்கு எடுத்துக்கொள்வான். அண்ணி பழையபடி அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அண்ணன் லோடு ஏற்றிப் போன மறுநாள் காலையில் அண்ணி என்னை எழுப்பினார். கையில் ஒரு கிண்ணம், விளிம்புவரை சர்க்கரைப் பாகு.

"தம்பி, இதை மடியில வெச்சுக்கிட்டுப் பின்னால உக்காருங்க. சிந்தினா சொல்லுங்க."

சிந்தினால் நான் சொல்லவா வேண்டும்? தெருவைத் தாண்டுவதற்குள் என் பேன்ட் சொல்லிவிட்டது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய தொழில். பிசுபிசுத்த பேன்ட்டோடு தினமும் திரும்பிவந்து, குளித்துவிட்டுக் கடைக்கு ஓடினேன். அண்ணியோ விடுவதாக இல்லை. ரேடியோ போடக்கூடாது, ஜன்னலைத் திறக்கக்கூடாது, நான் வாயைத் திறக்கக்கூடாது. எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஓட்டினார்.

அப்புறம் ஒருநாள் பாகு சிந்தவில்லை. கிண்ணத்துக்குள் லேசாக அலைந்ததோடு சரி.

"என்ன பண்ணீங்க அண்ணி?"

"ஒண்ணுமில்ல தம்பி. சத்தம் ஏறிக்கிட்டே போகுதுல்ல? கியர் மாத்தப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நானே காலைத் தளத்திடறேன். அது மாத்தி முடிச்சதும் மறுபடியும் மெதுவா மிதிக்கிறேன். அது வேலை பாக்கறப்ப நாம மேல ஏறி மிதிச்சா அது என்னதான் பண்ணும்?"

அடுத்த கல்யாண கேக் கிளம்புகிற நாளில் அண்ணன் ஊரிலிருந்தார். பாகு விஷயமெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் நம்பியிருக்கமாட்டார்.

"இன்னைக்கு நான் ஓட்டறேன். ரிஸ்க் வேணாம்" என்று சாவியை எடுத்துக்கொண்டார்.

அண்ணி கிரீம் டப்பாவையும் சர்க்கரைப் பூக்களையும் எடுத்துவந்தார். மேனேஜர் சொன்னது அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் பாதியை மடக்கிக் கேக்கை வைத்தோம். மீதிப் பாதியில் நான் மூடியில்லாத கேக் பெட்டியின் முன்பக்கமாகச் சாய்ந்து அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணி முன்னால், மடியில் கிரீம் டப்பாவோடு.

எங்கள் தெருவை அண்ணன் ராஜா மாதிரி தாண்டினார். சிக்னல் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தார். இருபது வருஷமாக லாரி ஓட்டிய இடது கால் சும்மா இருக்குமா? கியரைக் குறைக்கிற நினைப்பில், இல்லாத கிளட்ச்சைத் தேடிப் போயிற்று. கிடைத்தது பிரேக். லாரி கிளட்ச்சை மிதிக்கிற மிதி மிதித்தார் பாருங்கள், வண்டி நடுரோட்டில் ஆணியடித்த மாதிரி நின்றது. மேலடுக்கு கிளம்பி வந்து என் சட்டையில் உட்கார்ந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரனைக் கொண்டு எங்களை விசாரித்தார்கள்.

அண்ணி திட்டவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். இறங்கிப் பின்கதவைத் திறந்து, என் மேலிருந்த கேக்கை இரண்டு கையாலும் எடுத்து அதன் இடத்தில் வைத்தார். நசுங்கிய பக்கத்தில் புதுக் கிரீம் பூசி, அதன்மேல் சர்க்கரைப் பூக்களை நெருக்கி வைத்தார். முடித்துவிட்டு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார்.

"இறங்குங்க."

கல்யாணமான நாளிலிருந்து அண்ணனிடம் அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. அண்ணன் இறங்கினார். என்னை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்சீட்டில் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அண்ணி கிளப்பினார். அண்ணன் அடுத்த உலுக்கலுக்குத் தயாராகக் கழுத்தை விறைப்பாக்கிக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச தூரம் போனது. இன்னும் கொஞ்ச தூரம் போனது.

"ஏம்மா, எவ்வளவு நேரம் ஃபர்ஸ்ட்லயே ஓட்டுவ? எஞ்சின் என்னத்துக்கு ஆகும்? செகண்டே விழலையே!"

நான் மீட்டரில் கியர் நம்பரை எட்டிப் பார்த்தேன். நாலு என்று காட்டியது. சொன்னேன். அண்ணன் நம்பாமல் எம்பி அவரே பார்த்தார். விறைத்த கழுத்தைத் தளர்த்திக்கொண்டு சீட்டில் சாய்ந்தார்.

மண்டபத்தின் பின்வாசல் செங்குத்தான மேட்டில் இருக்கிறது. இந்த மாதிரி வண்டி மேட்டில் நின்று கிளம்பினால் முன்னால் போவதற்குமுன் ஒரு அடி பின்னால் வரும். அண்ணி ஹேண்ட்பிரேக்கை இழுத்து, லேசாக மிதித்து, வண்டி இழுக்கத் தொடங்கியதும் விடுவித்தார். நேராக ஏறியது.

மேனேஜர் கேக்கைச் சுற்றிவந்தார். குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். அப்புறம், "அடுத்த மாசம் மூணு கல்யாணம் அடுத்தடுத்து இருக்கும்மா. உங்களால வர முடியுமா?" என்று கேட்டார்.

அண்ணன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அண்ணி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"வரேன் சார்" என்றார்.

கிரீம் அப்பிய சட்டையோடு நின்று ஒருவன் அழுதால் நன்றாகவா இருக்கும்? சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அண்ணன் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "வண்டி இல்லடா. அது அவ வண்டி. நான் யாரு விக்கறதுக்கு?" என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிட்டார்.

திரும்பும்போது முன்சீட்டில் அவர்தான். நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு அண்ணியின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். பெரிய ரோட்டைத் தாண்டி ஆளில்லாத தெரு ஒன்று வந்ததும் மெதுவாக வாயைத் திறந்தார்.

"ஏம்மா, அதை எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடேன்."

அண்ணி ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிச் சுற்றிவந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"தாராளமா வாங்க. அந்த இடது காலை மட்டும் கழட்டித் தம்பிகிட்ட குடுத்துட்டு வாங்க."