பின்னால் நீட்டிய கை

எங்கள் ஊர் ஜனவரிக் காற்றை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும். பனைகளைப் பிடித்து உலுக்கும், கதவை அறையும், உலர்த்திய புடவையை அடுத்த வீட்டு மாடிக்குக் கொண்டுபோய் விடும். அந்தக் காற்றில்தான் நானும் அக்காவும் பாலக்காட்டில் அரை மாரத்தான் ஓடினோம். கோட்டை மைதானத்தில் புறப்பட்டு, ஒலவக்கோடு தாண்டி, மலம்புழை அணைப் பக்கம் போய்த் திரும்பி மறுபடியும் கோட்டைக்கே வரவேண்டும். இருபத்தொரு கிலோமீட்டர். ஓடி முடித்தேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வந்து சேர்ந்தேன், அவ்வளவுதான்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். வங்கி வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவள். கல்பாத்தியில் அவள் வீடும் என் வீடும் அடுத்தடுத்த தெருவில். நாலு வருஷத்துக்கு முன்னால் அத்திம்பேர், அவள் கணவர், இறந்தபோது வீட்டுக்குள் இருக்க முடியாமல், கோட்டை அகழியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் பார்த்தால் ஓடிக்கொண்டிருக்கிறாள். சல்வாருக்கு மேல் மகனுடைய பழைய டீ ஷர்ட், நரைத்த பின்னல் முதுகில் இடமும் வலமுமாக அடித்துக்கொள்ள.

"என்னக்கா இது?"

"நடந்தா அழுகை வரதுடி. ஓடினா மூச்சு விடறதுக்கே நேரம் போறலை. அழ எங்கே?"

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு மூன்று முறை எழுந்து போகிறவள். ஆகவே நானும் சேர்ந்துகொண்டேன். விடிந்தும் விடியாமலும் இரண்டு நடுவயதுப் பெண்கள் தெருவில் ஓடினால் எங்கள் தெரு சும்மா இருக்குமா? பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வரும் ஒரு மாமா தினமும் கேட்பார்: "ரெண்டு பேரும் யாரைத் துரத்திண்டு ஓடறேள்?"

"யாரையும் துரத்தலை மாமா."

"அப்போ உங்களை யார் துரத்தறா?"

"அதுக்கும் ஆளில்லை. அதாக்கும் சங்கடம்" என்பாள் அக்கா, நிற்காமலே.

அந்த ஓட்டத்துக்கு அக்கா பெயர் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. மெல்போர்னில் இருக்கும் மகன் அவளைத் தன்னோடு கூட்டிக்கொள்ளப் போகிறான். விசா வந்துவிட்டது. ஓட்டம் முடிந்த அடுத்த வாரம் பயணம். வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பதுகூட முடிவாகிவிட்டது. திரும்பி வருவதைப் பற்றி அவன் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

"எல்லைக்கோட்டை ரெண்டு பேரும் ஒண்ணா தாண்டணும். கையைப் பிடிச்சுண்டு" என்றாள், அகழிக் கரையில் மூச்சு வாங்க நின்ற ஒரு காலையில். "அவரோட காரியமெல்லாம் தனியா முடிச்சேன். கொழந்தை வந்து சேரதுக்குள்ளே எல்லாம் ஆயிடுத்து. வீட்டை ஒழிச்சது தனியா. தனியா முடிக்கற காரியம் எனக்குப் போறும்டி. இதை மட்டும் தனியா முடிக்க விடாதே."

சரி என்றேன். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

இங்கே எங்கள் மனிதர்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். வெளியே கிளம்பினவரை 'எங்கே' என்று கேட்கக்கூடாது. பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. தப்பித்தவறிக் கூப்பிட்டுவிட்டால், கிளம்பினவர் வீட்டுக்குள் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படவேண்டும். போகிறவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். விமானத்தில் பறப்பவர்கள், அமெரிக்காவில் கணிப்பொறி தட்டுகிறவர்கள்கூட இதை விடவில்லை.

அத்திம்பேர் ஸ்கூட்டரை எடுத்த அந்தக் கடைசிக் காலையில், வாசலில் நின்று அக்கா கூப்பிட்டாள்: "ஏன்னா, குடை!" அவர் தலையை மட்டும் திருப்பிச் சிரித்தார். "மழை வராதுடி." உள்ளே வரவில்லை, உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. ஒலவக்கோட்டுக்குப் போகும் சாலையில் ஒரு லாரி. அன்றைக்கு மழையும் வரவில்லை.

"நான் கூப்பிட்டேன்" என்று அக்கா அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டாள். நாங்கள்தான் நிறுத்தவில்லை. எங்களில் யாரும் அதற்குப் பிறகு அவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டதே இல்லை. கடைத்தெருவில் அவள் முன்னால் போய்விட்டால், பையோடு ஓடிப்போய்த் தோளைத் தொடுவோம். கோவில் பிரகாரத்தில் எதிர்ப்பக்கமாகச் சுற்றிவந்து முகத்துக்கு நேரே நிற்போம். அவளுக்கு வலிக்கக்கூடாது என்று குடும்பமே மௌனமாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. நாலு வருஷமாக அதை நல்ல காரியம் என்று நம்பியிருந்தேன்.

ஓட்டத்தன்று இருட்டு பிரியும் முன்னே அக்கா வீட்டிலிருந்து கிளம்பினோம். ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு படியிறங்கும்போது எதிர்வீட்டு மாமி கோலப்பொடி டப்பாவோடு நிமிர்ந்தாள்.

"எங்கடி இத்தனை சீக்கிரம்?"

"மாமி!" என்றேன்.

"ஐயோ, கேட்டுட்டேனே" என்று மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். "நாக்கு, நாக்கு! இதை அறுத்துப் போட்டாத்தான் சரியாகும்."

"சாரமில்லை மாமி, பரவாயில்லை. ஓடத்தான் போறோம், ஓடியா போறோம்?" என்றாள் அக்கா.

நான் விடவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். தண்ணீரைக் கொடுத்தேன். அக்கா ஷூக்காலோடு உட்கார்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உன் திருப்திக்காக்கும்" என்று சொல்லி ஒரே மடக்கில் குடித்தாள். அந்தப் பார்வையில் ஏதோ சொல்ல வந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு நேரமாகிவிட்டதே என்ற பதைப்பு மட்டும்தான்.

ஓட்டத்தின் முதல் பாதியை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. தோளோடு தோளாக ஓடினோம். எத்தனையோ முறை பஸ்ஸில் கடந்த ஊர் காலடியில் வேறு ஊராக இருந்தது. திறக்காத கடைகள், ஆற்றுப் பாலத்தில் ஈரக்காற்று, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் டீயின் வாசனை. அந்த லாரிச் சாலை வந்தபோது அக்கா பேச்சை நிறுத்தினாள். நானும். அதைத் தாண்டினதும் "ஆச்சு" என்றாள். ஒரே ஒரு வார்த்தை. பிறகு வயல்கள், இரண்டாம் போகம் பச்சைப்பசேலென்று. மலை நீலம் கலைந்து எழுந்து வந்துகொண்டிருந்தது. காற்று குறுக்கே அடித்து எங்கள் இருவரையும் ஒரே பக்கமாகச் சாய்த்தது, ஒரே கொடியில் போட்ட இரண்டு துணிகளைப்போல.

அணைக்குப் பக்கத்தில் திரும்புமிடம். ஒரு கம்பத்தைச் சுற்றி வரவேண்டும், கூட்டம் நெருக்கியது, ஒற்றை வரிசையானோம். அக்கா முன்னால் போனாள். நாலு எட்டுதான் வித்தியாசம், பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். கால்வாய்க்கரைக்கு வரும்போது என் இடது கெண்டைக்கால் கயிறுபோல் முறுக்கிக்கொண்டது. அப்படியே நின்றுவிட்டேன்.

அங்கே தண்ணீரும் ஆரஞ்சுச் சுளையும் கொடுக்க ஒரு மேஜை போட்டிருந்தார்கள். சித்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டினவர், ஓடிவந்து என்னைப் பிடித்தார்.

"ஏனுங்க்கா, காலு புடிச்சுக்கிச்சுங்களா? இப்படி உக்காருங்க. காலை நீட்டுங்க."

"இல்லை, போகணும். அக்கா முன்னாலே போறா."

அவர் கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்தார். "அந்தச் செவப்பு பனியனுங்களா? பின்னலு போட்டவீங்க? இந்தா, பக்கத்துலதானுங்க போறாங்க. கூப்புடட்டுங்களா? நான் ஒரு சத்தம் குடுத்தா நாலு வயக்காட்டுக்குக் கேக்குமுங்க."

அவர் வாயருகே கையைக் குவித்துவிட்டார். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

"வேண்டாம்! கூப்பிடாதேங்கோ."

"ஏனுங்க?"

"போறவாளைப் பின்னாலேருந்து கூப்பிடப்படாது."

அவர் என்னைப் பார்த்தார், அக்கா போன திசையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "இவீங்க எங்கீங்க போறாங்க? போயிட்டுத் திரும்பி வர்றவீங்கதானுங்களே."

அக்காவின் சிவப்பு சிறுத்துக்கொண்டே போனது. கூப்பிடு தூரம் என்று தமிழில் ஒரு அளவு இருக்கிறதே, அது என் கண்ணெதிரே நீண்டு, மெலிந்து, அறுந்தது. அவள் ஒரு முறை திரும்பிப் பார்த்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் திரும்பவில்லை.

மீதியை நடந்தேன், நொண்டினேன். கோட்டை மைதானத்துக்குள் நுழையும்போது வெயில் ஏறியிருந்தது, பந்தலில் இட்லி தீர்ந்திருந்தது. அக்கா ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பதக்கத்தைக் கழுத்தில் போடாமல் கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

"காலா?" என்றாள்.

"ஆமா."

"நீ பின்னாலேயே வரேன்னு நெனச்சிண்டிருந்தேன்டி. காலடிச் சத்தம் கேட்டுண்டே இருந்தது. அதே தாளம். எனக்கு ஒரு தைரியம். திரும்பிப் பார்க்கப்படாதுன்னு நானும் ஒரு பிடிவாதம். கோடு வந்ததும் கையைப் பின்னாலே நீட்டினேன்."

உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"எவனோ ஒரு தடியன். 'சூப்பர் ஆன்ட்டி'ன்னு கையிலே ஒரு தட்டு தட்டிட்டுத் தாண்டிப் போயிட்டான்."

சிரித்தாள். நானும் சிரிக்க ஆரம்பித்தேன். பாதியில் அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்தது.

"ஒரு தடவை கூப்பிட்டிருக்கப்படாதா?"

"எப்படிக்கா? உன்னை... பின்னாலேருந்து..."

அக்கா பதக்கத்தின் நாடாவை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "நான் கூப்பிட்டதுனாலே அவர் போகலைடி. எனக்கு அது என்னைக்கோ மனசிலாச்சு. லாரிக்காரன் தூங்கிட்டான், அவ்வளவுதான். நீங்கள்ளாம்தான் விடலை. நாலு வருஷமா ஒருத்தர் என்னை 'ஏய், நில்லு'ன்னு கூப்பிட்டதில்லை. எல்லாரும் ஓடிவந்து தோளைத் தொடறேள். ஒவ்வொரு தடவை தொடறச்சேயும் எனக்கு அந்த லாரி ஞாபகம் வரது."

"சொல்லியிருக்கலாமேக்கா."

"எப்படிச் சொல்றது? நீங்க எல்லாம் அத்தனை ஜாக்கிரதையா இருக்கேள், பாவம்."

காற்று எங்கிருந்தோ ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் போட்டது. அக்கா அதை எடுத்துக் கூடையில் போட எழுந்து போனாள். இன்னொரு ஓட்டம் ஓடலாம் என்று சொல்ல எங்களிடம் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை இல்லை.

அடுத்த வாரம் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு டாக்ஸி வந்தது. பெட்டிகளை ஏற்றினார்கள். கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். ஏறி உட்கார்ந்தாள். ஓட்டுநர் ஏசியைப் போட்டுவிட்டு, கண்ணாடியை ஏற்றச் சொன்னான். அக்கா ஏற்றவில்லை. "கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. அவனுக்குச் சொன்னது போலத்தான் இருந்தது.

கார் நகர்ந்தது. திறந்த கண்ணாடியோடு, தெருவின் நீளம் முழுவதும், நடக்கிற வேகத்தில் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காதுக்குப் பின்னால் ஒதுக்கிய நரைமுடி தெரிந்தது. எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அவள் எதற்காகக் கண்ணாடியைத் திறந்து வைத்திருக்கிறாள் என்று தெரியும். கூப்பிட்டால் என்ன நடக்கும் என்றும் தெரியும். இறங்கி வருவாள், நாற்காலியில் உட்காருவாள், ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள், அதற்குள் நான் அவளை இன்னொரு முறை பார்த்துவிடலாம். இந்த வழக்கத்தை முதலில் ஏற்படுத்தினவர்கள் யாரையோ அனுப்ப மனமில்லாதவர்களாக இருந்திருக்கவேண்டும். வாயைத் திறந்தேன். அத்தனை பெரிய கடல், அத்தனை நீளப் பயணம், இன்றைக்குப் போய் நான் ஏன், என்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தெரிந்துகொள்வது ஒன்று, நாக்கு பழகுவது வேறொன்று.

தேர் நிற்கிற இடத்தில் கார் திரும்பியது. திரும்பும்போது கண்ணாடி மேலேறுவதைப் பார்த்தேன்.

எதிர்வீட்டு மாமி நல்ல பிள்ளையாக அதுவரை காத்திருந்தாள். கார் மறைந்த பிறகுதான் கேட்டாள். "போயிட்டாளோடி? எந்த ஊரு சொன்னே?"

"அக்கா!" என்றேன் நான். தெருவே கேட்கும்படி.

மாமி திடுக்கிட்டுத் தெருக்கோடியைப் பார்த்தாள். காற்று அடித்துக்கொண்டிருந்தது. அது என் குரலை அவள் போன பக்கம் கொண்டுபோனதா, என் பக்கமே திருப்பியதா என்று இன்னமும் எனக்குத் தெரியாது.